நாம் நிற்கும் இடம் யாருக்குச் சொந்தம்?



நம் சட்டைப் பையிலும், இடுப்புச் சுருக்குப் பையிலும், சமையல் மேடையிலும் கிடக்கிற கைபேசிக்கு நாம் இருக்கும் இடம் தெரிகிறது. தாராவியில் இருக்கிறோமா, சயான் கோலிவாடாவில் இருக்கிறோமா, கல்யாண் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறோமா என்பதெல்லாம் அதற்குத் தெரிகிறது. ஆனால் நடுராத்திரியில் குழந்தைக்கு வலிப்பு வந்து, பக்கத்தில் திறந்திருக்கும் அரசு மருத்துவமனை எது என்று ஒரு தாய் தவிக்கும்போது, அந்தக் கைபேசி அவள் கையில் ஒரு கண்ணாடிச் சில்லாகத்தானே கிடக்கிறது? தமிழிலேயே வாய்விட்டுக் கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. விற்ற கடைக்காரனும் சொல்லவில்லை, செய்த கம்பெனியும் சொல்லவில்லை. படித்த பிள்ளைகளும் சொல்லவில்லை.

நம்மைப் பற்றி அதற்கு எல்லாம் தெரியும். அதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

"உனக்காகவே" என்னும் பம்மாத்து

இடமறிந்து சேவை செய்யும் செயலிகளை இன்னும் எளிமையாக்கப் போகிறார்களாம். ஒவ்வொருவர் தேவைக்கும் தக்கபடி, "உனக்காகவே" தைத்த சட்டைபோல் ஆக்கப் போகிறார்களாம். கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் யாருக்கு எளிமை? எவன் தேவைக்குத் தக்கபடி?

செயலியைத் திறந்ததும் ஒரு கேள்வி வருகிறது: "உங்கள் இடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" சம்மதம் என்பதற்குப் பளிச்சென்று பெரிய பொத்தான். மறுப்பதற்குப் பொடி எழுத்து. இங்கே எளிமை என்பது நாம் தலையாட்டுவதற்குச் செய்து வைத்த எளிமை. தலையாட்டிய பிறகு அதைத் திரும்பப் பெற வேண்டுமானால் நாலு கதவு திறந்து ஐந்தாவது அறைக்குள் போக வேண்டும்.

"உனக்காகவே" என்பதும் அப்படித்தான். நேற்று எந்தச் செருப்பின் விலையைப் பார்த்தோம் என்று அதற்கு நினைவிருக்கிறது. இன்று அந்தக் கடை வழியே போனால் தள்ளுபடி என்று மணியடிக்கிறது. ஆனால் இந்த வீட்டு அம்மாவுக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும், இந்த வீட்டுக்காரர் இரவு ஷிப்ட், பகலில் மணியடித்தால் அவர் தூக்கம் கெடும் என்கிற தேவைகள் மட்டும் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. வாங்குகிறவனாக நம்மை அளந்து வைத்திருக்கிறார்கள். மனிதனாக இன்னும் அளக்கவில்லை.

வானத்திலே உளவாளி இல்லை

நம் மக்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "மேலே சாட்டிலைட் பார்த்துக்கொண்டே இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள், இப்போது மணி என்ன, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அவ்வளவுதான். குறைந்தது நான்கு கோள்களின் ஒலிபரப்பைக் கைபேசி கேட்டு, எது எவ்வளவு நேரம் தாழ்ந்து வந்தது என்று கணக்குப் போட்டுத் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. வானொலி கேட்பதைப் போன்றதுதான் இது. செய்தி வாசிக்கிறவருக்கு எந்த வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று தெரியுமா? செயற்கைக்கோளுக்கும் நம்மைத் தெரியாது. காட்டிக்கொடுப்பது நம் கைபேசிக்குள் குடியிருக்கும் செயலி. அது கணக்கின் விடையை எடுத்து இணையத்தின் வழியாகத் தன் முதலாளிக்கு அனுப்புகிறது. கைபேசிக் கோபுரங்களும், அக்கம்பக்கத்து வைஃபையும் இடத்தைச் சொல்லும் வேறு வழிகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவம் தனக்காகச் செய்தது. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியத்தைக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். அதிபர் கிளின்டன் உத்தரவு போட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. நம் நாட்டு இஸ்ரோ 2013 ஜூலையில் முதல் கோளையும் 2016 ஏப்ரலில் ஏழாவது கோளையும் ஏவி உருவாக்கிய "நாவிக்" அமைப்பு நம் வரிப்பணத்தில் வந்தது. ஆகவே, யாருக்கு எவ்வளவு துல்லியம், யார் கையில் சாவி என்பதெல்லாம் இயற்கையின் விதி அல்ல. மனிதன் போட்ட விதி. மனிதன் போட்டதை மனிதன் மாற்றலாம்.

வெட்டுவதற்கு வாயுண்டு, கொடுப்பதற்கு வாயில்லை

எங்கள் வட்டாரத்துத் தம்பி ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் ஒரு கம்பெனிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டினார். நாலடிச் சந்து, இருபுறமும் மாடி மேல் மாடி. அப்படிப்பட்ட இடத்தில் செயற்கைக்கோள் அலை சுவரில் மோதித் திரும்பி வரும். பல மீட்டர் தள்ளி இடம் காட்டும். இவர் வாசலில் நின்று பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். இவருடைய புள்ளியோ பெரிய ரோட்டில் நிற்கிறது. "நீ போகவே இல்லை" என்று கூலியை வெட்டினார்கள். "மேப் பொய் சொல்லாது" என்று போனில் ஒரு குரல் சொன்னது.

அதே தம்பி ஒரு மழை இரவில் வேலை நேரத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்தார். காப்பீட்டுக்குப் போனால், "அந்த நேரம் நீ வேலையில் இருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி?" என்றார்கள். சாட்சி கம்பெனியின் கம்ப்யூட்டரில் நிமிடத்துக்கு நிமிடம் பதிவாகி இருக்கிறது. கேட்டார், கொடுக்கவில்லை. சங்கத்தின் பெயரில் மூன்று கடிதம் போட்டோம். ஒரு வரி பதில் இல்லை. காலில் தகடு வைத்த அந்தத் தம்பி இன்று வடாபாவ் வண்டி தள்ளுகிறார்.

கூலியை வெட்டும்போது மேப் அரிச்சந்திரன். நட்டஈடு கொடுக்கும்போது மேப் ஊமை! இந்த அநியாயத்தைச் சரிசெய்யாமல், பொத்தானின் நிறத்தை மாற்றி "எளிமையாக்கி விட்டோம்" என்றால் நாம் கைதட்ட வேண்டுமா?

இது ஒரு தம்பியின் கதை மட்டுமல்ல. நாக்பூரிலும் சண்டிகரிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டினார்கள், அவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில், வேலைத்தளத்தில் இடமுத்திரையோடு நாளுக்கு இரண்டு போட்டோ எடுப்பதை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்கள். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் 2 அன்று வந்த ஆரோக்கிய சேது செயலியை, அடுத்த மாதமே எல்லா ஊழியர்களுக்கும் கட்டாயம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தபின் அதே மாதத்தில் "இயன்றவரை" என்று இறங்கி வந்தார்கள்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். போதைப்பொருள் வழக்கில் ஜாமீனில் வந்தவன்கூட கூகுள் மேப்பில் தன் இடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது என்று 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கே அந்த மரியாதை உண்டென்றால், குப்பை அள்ளுகிற தொழிலாளிக்கும் சோறு சுமக்கிற தம்பிக்கும் இல்லையா? அவர்கள் செய்த குற்றம் என்ன, உழைத்ததா?

வண்டியைப் பார், மனிதனைப் பார்க்காதே

இரயில்வே கவுண்டரில் உட்கார்ந்து டிக்கட் கிழிக்கிற நாங்கள் எங்கள் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்கிறோம். முன்பதிவில்லா டிக்கட்டைக் கைபேசியில் எடுக்கும் ஏற்பாடு 2014 இறுதியில் இந்த மும்பையில்தான் தொடங்கியது. அதிலே இடம் பார்க்கும் ஒரு வேலி இருந்தது. நிலையத்துக்குள் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கட் எடுக்க முடியாது. பரிசோதகரைக் கண்டபிறகு அவசரமாக டிக்கட் எடுப்பதைத் தடுக்க வைத்த வேலி அது. அதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வெளிப்பக்கத்திலும் ஒரு வேலி இருந்தது. நிலையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் கிடைக்கும் என்றது. 2022 நவம்பரில் புறநகர்ப் பகுதிக்கு 2 கிலோமீட்டரை 5 ஆக்கினார்கள். 2024இல் வெளிவேலியையே எடுத்து விட்டார்கள். ரயில் ஓடாமல் நின்றுவிட்டதா? இல்லை. மாற்ற முடியாது என்று நினைத்த விதி மாறியது. நாம் கற்க வேண்டிய பாடம் இது.

வேலி எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று பயணிக்கு அவன் மொழியில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சொல்லாமல் விட்டால், தெரியாதவன் தலையில் ரயில்வே சட்டப்படி கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் விழும். அது கூலிக்காரன் வீட்டு அரிசிப் பணம்.

நல்லதையும் சொல்வோம். 2022இல் மத்திய ரயில்வேயின் யாத்ரி செயலி, லோக்கல் வண்டி இப்போது எங்கே வருகிறது என்று நேராகக் காட்டத் தொடங்கியது. இது சரியான பாதை. வண்டியின் இடம் மக்களுக்குத் தெரிகிறது. இப்படித்தான் தண்ணீர் லாரியின் இடம் தெரியட்டும், ஆம்புலன்சின் இடம் தெரியட்டும், ரேஷன் கோதுமை ஏற்றிய லாரி எங்கே நிற்கிறது என்பது தெரியட்டும். மக்களுக்கு ஊழியம் செய்ய வேண்டியவற்றின் இடத்தை மக்களுக்குக் காட்டு. உழைக்கிறவன் ஐந்து நிமிடம் சிறுநீர் கழிக்கப் போன இடத்தை முகாதமுக்குக் காட்டாதே!

நமக்கென்று வந்தவை நம்மிடம் வந்து சேர்ந்தனவா?

ஊர்விட்டு ஊர் பிழைக்க வந்த நமக்கென்றே சில ஏற்பாடுகள் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் ஊர் அட்டைக்கு இங்கேயும் தானியம் வாங்கலாம். பக்கத்து ரேஷன் கடையை இடம் பார்த்துச் சொல்ல "மேரா ரேஷன்" செயலியை 2021 மார்ச் 12 அன்று கொண்டு வந்தார்கள். யாருக்காக? புலம்பெயர்ந்த தொழிலாளிக்காக. எந்த மொழியில்? தொடக்கத்தில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும்! விழுப்புரத்திலிருந்து வந்து கட்டடத்தில் சிமெண்ட் சுமக்கிற அம்மாவுக்கு இந்தியில் வழி காட்டுவது, பசித்தவனுக்குப் பூட்டிய பெட்டியில் சோறு வைப்பது ஆகாதா?

தனியார் கம்பெனியான கூகுளே 2021 ஜனவரியில் தன் மேப்பில் ஊர்ப் பெயர், கடைப் பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழி எழுத்துகளில் காட்ட ஏற்பாடு செய்தது. வியாபாரம் வேண்டும் என்றால் தமிழ் வருகிறது. உரிமை என்று வரும்போது மட்டும் தமிழ் கடைசி வரிசையில் நிற்க வேண்டுமா?

முகவரி இல்லாதவர்களுக்காக அஞ்சல் துறை 2025 மே மாதம் "டிஜிபின்" என்று ஒன்றை வெளியிட்டது. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. ஐ.ஐ.டி. ஐதராபாத்தும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமும் சேர்ந்து செய்தது. சந்துக்கு முன்னால் நின்று "டேங்குக்குப் பக்கம், மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால்" என்று அரைமணி நேரம் போனில் கத்தும் நமக்கு இது உதவும், வரவேற்கிறோம். ஆனால் நம் கோளி ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கிறது. கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் ஒரே கட்டம், ஒரே குறியீடு. தரையை அளந்தவர்கள் ஏணியை அளக்கவில்லை! நம்மைக் கேட்டுச் செய்திருந்தால் இந்தக் குறையை அன்றைக்கே சொல்லியிருப்போம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு முகாதம்

முதலாளியை மட்டும் ஏசிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. நம் ஆண்கள் சிலர், மனைவியின் கைபேசியில் அவளுக்குத் தெரியாமலே இடம் காட்டும் வசதியைப் போட்டு வைத்துக்கொண்டு, "மார்க்கெட்டில் ஏன் நாற்பது நிமிடம் நின்றாய்?" என்று கேட்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் இதே கதிதான். கம்பெனி நம்மைச் செய்கிறதைத்தானே நாம் அவளைச் செய்கிறோம்? "பாதுகாப்புக்காக" என்கிறான் கணவன். "சேவைக்காக" என்கிறான் முதலாளி. இரண்டு பேரும் ஒரே பாடம் படித்தவர்கள்.

பாதுகாப்பு வேண்டுமா? அவளே விரும்பி, அவள் சொல்கிற நேரத்துக்குக் காட்டட்டும். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று நேரம் வைத்து இடத்தைப் பகிரலாம். நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிற பெண் அதை அக்காவுக்கோ தோழிக்கோ அனுப்பலாம். அது அவள் கையிலுள்ள விளக்கு. தெரியாமல் பூட்டினால் அது விலங்கு.

"நமக்கெதற்கு இது?" என்போருக்கு

"இதெல்லாம் படித்தவன் சமாச்சாரம், நமக்குக் கூலிப் பிரச்சினையே தலைக்கு மேல் இருக்கிறது" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். அண்ணாச்சி, இதுதான் இன்றைய கூலிப் பிரச்சினை! மஸ்டர் ரோல் முன்பு முகாதம் கையில் இருந்தது. அதில் கள்ளக் கையெழுத்து விழுந்தால் போய்ச் சட்டையைப் பிடித்தோம். இன்று மஸ்டர் கைபேசிக்குள் போய்விட்டது. அதைப் படிக்கத் தெரியாதவனுக்குக் கூலியைக் கேட்கவும் தெரியாமல் போகும்.

"அப்படியானால் கைபேசியைத் தூக்கி எறி" என்பார் இன்னொருவர். அதுவும் பேதைமை. வழி தெரியாத ஊரில் வழி காட்டுவதை, ஆபத்தில் ஆள் அழைப்பதை ஏன் எறிய வேண்டும்? எல்லாக் கைபேசியிலும் ஆபத்துப் பொத்தான் வேண்டும் என்று மத்திய அரசே 2016இல் விதி போட்டது. போலீசு, தீயணைப்பு, ஆம்புலன்சு மூன்றுக்கும் 112 என்ற ஒரே எண் இருக்கிறது. இவற்றை எறிவது நமக்கு நாமே செய்துகொள்ளும் துரோகம். அரிவாளை எதிரி பிடித்திருக்கிறான் என்பதற்காக அறுப்பை நிறுத்துவோமா?

நாம் கேட்பது என்ன?

2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ பெறும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. மும்பையில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும் அது நம் உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல. ஆனால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரியங்களுக்கு முதலாளி தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. முன்வாசலில் தோரணம், பின்வாசலில் திருட்டு!

ஆகவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: இடம் கேட்கும் ஒவ்வொரு செயலியும் ஏன் கேட்கிறது, யாருக்குக் கொடுக்கிறது, எப்போது அழிக்கிறது என்பதைத் தமிழ் எழுத்திலும், படிக்காதவர்களுக்காகத் தமிழ்க் குரலிலும் சொல்ல வேண்டும்.

இரண்டு: சம்மதிக்க ஒரு பொத்தான் என்றால், மறுக்கவும் ஒரே பொத்தான், அதே அளவு, அதே இடம்.

மூன்று: தொழிலாளியின் இடப்பதிவு எதை வைத்துக் கூலி வெட்டப்படுகிறதோ, அந்தப் பதிவின் நகல் கேட்டவுடன் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும். விபத்து நட்டஈட்டில் அதைச் சாட்சியாக ஏற்க வேண்டும். 7ஆம் பிரிவின் பின்வாசலை அடைக்க வேண்டும்.

நான்கு: வேலை நேரம் முடிந்ததும் கண்காணிப்பும் முடிய வேண்டும்.

ஐந்து: அரசுச் செயலிகளில் ரேஷன் கடை, மருத்துவமனை, டிக்கட் எதுவானாலும், புலம்பெயர்ந்தவரின் மொழி முதல் நாளிலேயே இருக்க வேண்டும்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் அல்ல நாம். இந்த மாதம் முதல் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் வகுப்பு நடக்கும். கைபேசியைத் தமிழுக்கு மாற்றுவது, எந்தெந்தச் செயலி நம் இடத்தைப் பார்க்கிறது என்று அறிவது, "பயன்படுத்தும்போது மட்டும்" என்று அதைக் கட்டுப்படுத்துவது, 112ஐ அழைப்பது ஆகிய நான்கையும் பிள்ளைகளே பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பார்கள். பெண்களுக்கு முதல் வரிசை. கூலி வெட்டுப்பட்டவர்கள் வெட்டிய தேதி, நேரம், கைபேசி காட்டிய இடம், உண்மையில் நின்ற இடம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு தம்பியின் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இருநூறு நோட்டுகளோடு தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தோழர்களே! பிழைக்க வந்த ஊரில் நமக்குச் சொந்தமாக நிலம் இல்லை, பலருக்குக் கூரையும் இல்லை. நாம் நிற்கும் அந்த ஓரடி இடத்தின் அடையாளத்தையாவது நம் சம்மதமில்லாமல் ஒருவன் விற்கவும், அதைக் காட்டி நம் கூலியை வெட்டவும் விடலாமா?

நாம் நிற்கும் இடம் நமக்குச் சொந்தம். அதை உரக்கச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்!